கீழே வைத்த காபி

அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. அரபுப் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிற எங்கள் கரக் மேட்டுநிலம் முழுக்க பார்லி முழங்கால் உயரம் நின்றது, ஆடுகளுக்கு மடி கனத்துப்போயிருந்தது. ருஜும் ஊரில் பால் பெருகுவது எப்போதும் தவக்காலத்தில்தான். அந்தத் தவக்காலத்தில்தான் பாலும் தயிரும் வெண்ணெயும் வாயில் படக்கூடாது. ரோமைச் சட்டம் அவ்வளவு கேட்கவில்லை என்று பங்குச் சாமியார் அபூனா வசீம் சொல்லிப் பார்த்துவிட்டார். ரோமை கேட்காவிட்டால் என்ன, ஊர் கேட்கிறது. பகலெல்லாம் பாலில் முங்கி எழுந்து, அதில் ஒரு சொட்டு நாக்கில் படாமல் பாஸ்கா என்கிற ஈஸ்டர் வரை போய்ச் சேர்வது எங்கள் பெண்களின் சாமர்த்தியம்.

ஹயாத் அந்தச் சாமர்த்தியத்தில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. விடியுமுன் பழைய துணி துவைக்கும் மெஷினில் தயிரைக் கொட்டிக் கடைவாள். தோல்பையைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் அதை ஆட்டிப் பார்க்காதவர்கள். வெண்ணெயை எடுத்துவிட்டு, மோரைக் காய்ச்சித் திரியவைத்து, துணியில் கட்டி வடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, உருட்டி வெயிலில் வைத்தால் ஜமீத். வருஷம் முழுக்கக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஆட்டுக்கறியை வேகவைக்க அதைத்தான் கரைத்து ஊற்றவேண்டும். உப்புக் குறைந்தால் புழுத்துவிடும், கூடினால் விருந்தே கெட்டுவிடும். நோன்பில் இருக்கிறவள் எப்படி உப்புப் பார்ப்பாள்? பக்கத்து வீட்டு ஃபித்தா வந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் ஒரு கை" என்பாள். ரமலானில் ஹயாத் போய் ஃபித்தாவின் சட்டியில் உப்புப் பார்த்துவிட்டு வருவாள். இந்த ஒப்பந்தம் எந்த மதத் தலைவருக்கும் தெரியாது.

அன்று காலை பட்டியில் ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்தோடு கழுத்தாக ஒரே கயிற்றில் பிணைத்திருந்தார்கள். ஹயாத்தின் கணவன் சலாமே பின்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டு வந்தான். எட்டு வயது மகள் ஜுமானா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மனஸ்தாப ஜெபத்தை ஒப்பித்தாள். பாஸ்கா கழிந்த மறு ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள்.

"அப்பா, ஆட்டக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. எனக்கு மறந்து மறந்து போவுது."

"அது உன் ஜெபத்தக் கேட்டு மனசு உருகிக் கத்துது. நீ சொல்லு."

அவள் முடித்தாள். பிறகு, "அப்பா, அன்னைக்கு நீங்க வலது பக்கம், அம்மா இடது பக்கம். நான் வாங்கினப்புறம் நீங்க வாங்கணும், அப்புறம் அம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள்.

சலாமே கறப்பதை நிறுத்தவில்லை. "நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கறேன்டி. அங்கேருந்து நல்லாத் தெரியும்."

"கூடப் படிக்கிற லமீஸோட அப்பா ஒத்தக் கால் இல்லாதவரு. அவரே வர்றாரு."

"அவருக்குக் கால்தானே இல்ல" என்றான் சலாமே. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆட்டுக்கு நகர்ந்தான்.

ஹயாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை இருந்ததால் வடிகட்டும் துணியை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஜூலையில், சலாமேயின் அப்பா இறந்துபோனார். சலாமே அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், அகபா துறைமுகத்துக்குப் பாஸ்பேட் ஏற்றிப் போயிருந்தான். செய்தி கிடைத்ததும் லாரியைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்தான். அவன் கல்லறைத் தோட்டத்து வாசலில் பிரேக் போடும்போது அண்ணன் இஸ்ஹாக் கடைசிக் கல்லை வைத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். இஸ்ஹாக் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன், காரியம் என்றால் மளமளவென்று முடிப்பவன். சலாமே அத்தனை ஆண்களுக்கு நடுவில், "திருடன் மாதிரி மூடிட்டியே, என் அப்பா மூஞ்சிய" என்று கத்தினான். இஸ்ஹாக் பதிலே சொல்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றோடு பேச்சு முடிந்தது. சலாமே லாரியை விற்றுவிட்டு அப்பாவின் ஆடுகளை எடுத்துக்கொண்டான்.

அதோடு நன்மை வாங்குவதையும் நிறுத்திவிட்டான். ஒரு பூசை தவறமாட்டான், ஆனால் கதவோரம் நிற்பான். சகோதரனோடு பேசாதவன் பீடத்துக்கு எப்படிப் போவது என்பது அவன் கணக்கு. இஸ்ஹாக்கோ ஒரு ஞாயிறு தவறாமல் முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொண்டு, கைகட்டி, தலைகுனிந்து திரும்புவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹயாத்துக்கு வயிறு எரியும். இதில் வேடிக்கை, அந்த இஸ்ஹாக்தான் ஞானஸ்நானத்தில் ஜுமானாவை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். இதைவிட வேடிக்கை, பங்கில் பதினேழு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிற டீச்சர் ஹயாத்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை வரிவரியாக விளக்கினாள். கையில் இன்னும் மோர் வாடை போகவில்லை. நாம் பிறரை மன்னிப்பதுபோல நம்மையும் மன்னியும் என்று கேட்கிறோம், அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். கடைக்காரர் மகள் லமீஸ் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நாம மன்னிக்கலேன்னா?"

"மன்னிக்கலேன்னா, அந்த வரியச் சொல்லும்போது நமக்கு எதிரா நாமளே சொல்லிக்கறோம்."

"அப்போ ஜுமானா அப்பா?"

ஹயாத்துக்குக் காதெல்லாம் சூடானது. கடைசி பெஞ்சிலிருந்து ஜுமானா எழுந்து நின்றாள்.

"எங்கப்பா அந்த வரி வரும்போது வாய மூடிப்பாரு. நான் பாத்திருக்கேன். அவரு பொய் சொல்லமாட்டாரு."

பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாது. பூசையில் அவள் முன்னால் பிள்ளைகளோடு நிற்பாள், அவன் பின்னால் நிற்பான். எப்படித் தெரியும்? ஹயாத், "அடுத்த பக்கம் எடுங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வகுப்பு முடிந்து அபூனா வசீமிடம் போய் நின்றாள். அவர் மாதபா பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது, கை ஓயாத ஆள். கோயில் ஒலிபெருக்கியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சலாமேகிட்ட நாலு தடவ பேசிட்டேன் டீச்சர். 'என் அப்பா மூஞ்சியக் காட்டுங்க சாமி, அப்புறம் வர்றேன்'ங்கறான். நான் என்ன செத்த லாசரையா எழுப்பறவன்?"

"அவங்க அண்ணன்கிட்ட?"

"அவரு ரொம்ப மரியாதையா காபி குடுத்து அனுப்பிட்டாரு." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஞானத்தாய் தகப்பன்மார எல்லாம் கூப்பிட்டாச்சா?"

"பதினாறு வீடு ஆச்சு."

"பதினேழாவது?"

பதினேழாவது இஸ்ஹாக் வீடு. ஊர் வழக்கப்படி ஞானோபதேச டீச்சர்தான் ஒவ்வொரு ஞானத்தகப்பன் வீட்டுக்கும் நேரில் போய்ப் புதுநன்மைக்கு அழைக்கவேண்டும். அவர்தான் பிள்ளையின் மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தரவேண்டும்.

பாஸ்காவுக்கு முந்தின குருத்து ஞாயிறு காலை, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அவள் வீட்டைவிட்டுச் சீக்கிரமே இறங்கினாள். சலாமே ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஜுமானாவைக் கூட்டிவருவதாகச் சொன்னான். எங்கே இவ்வளவு அவசரம் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கையில் குருத்தோலைக்குப் பதில் எங்கள் ஊர் ஒலிவக் கிளை. வயிற்றில் முந்தின ராத்திரி சாப்பிட்ட பருப்புதான். நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்றுதான் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் அவளை வளர்த்த கன்னியாஸ்திரிகள் பழைய முறைக்காரிகள். நடு ராத்திரிக்குப்பின் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. சின்ன வயசில் பிடித்த பழக்கம், அவளால் விடமுடியவில்லை. அதிலும் இந்தத் தவக்காலத்தில் அந்த நோன்பை ஒரு நாளும் தவறுவதில்லை, தவறினால் அன்று நன்மை வாங்குவதில்லை என்று சலாமேக்காகவே நேர்ந்திருந்தாள்.

இஸ்ஹாக் வீட்டுக் கதவைத் திறந்த அவன் மனைவி நிஜ்மே அவளைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்து முத்தமிட்டாள்.

"வந்தியா! மூணு வருஷமா வரல, இந்த வாசப்படி உன்னைக் கடிச்சிடுமா? உள்ள வா, உள்ள வா. ஏங்க, யாரு வந்திருக்கா பாருங்க!"

"அக்கா, உக்கார நேரமில்ல. பூசைக்கு மணி அடிச்சிடும்."

"அடிக்கட்டும். அது தினமும் அடிக்குது."

இஸ்ஹாக் சவரம் செய்து, கோட்டுப் போட்டுத் தயாராக இருந்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். உட்காரச் சொன்னான். அடுப்போரம் இருந்த காபிப் பானையைத் தானே எடுத்துவந்து, சின்னக் கிண்ணத்தில் இரண்டு மடக்கு அளவு ஊற்றி நீட்டினான். மனைவியைவிட்டு ஊற்றச் சொல்லியிருக்கலாம். தானே ஊற்றினான். அதில் அவளுக்கு மனசு இளகிப்போய், யோசிக்காமல் கையை நீட்டி வாங்கிவிட்டாள்.

"ஜுமானாவுக்குப் புதுநன்மை, அத்தான். நீங்க வந்து மெழுகுவத்தி கொளுத்தித் தரணும்."

"அவன் சொல்லி அனுப்பினானா?"

"இல்ல. டீச்சரா வந்திருக்கேன்."

"டீச்சரா வந்தா டீச்சருக்கு பதில் சொல்றேன். வர்றேன். காபியக் குடி."

அந்த நேரம் பார்த்து முதல் மணி அடித்தது. கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோனவளுக்குச் சுரீர் என்றது. குடிக்க முடியாது. திருப்பிக் கொடுத்தால் மரியாதை இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தைத் தனக்கு முன்னால் பாயில் வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. நிஜ்மே பேச்சை நிறுத்தியிருந்தாள். இஸ்ஹாக் பானையும் கையுமாக அப்படியே நின்றான்.

எங்கள் பக்கத்தில் வந்தவர் காபியைக் குடிக்காமல் தரையில் வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். சரி என்கிற வார்த்தை வரும்வரை அவர் தொடமாட்டார். வார்த்தை வராமல் எழுந்துபோனால் அந்த அவமானம் வீட்டுக்காரனோடு தங்கிவிடும். பெண் கேட்கவும் கொலைப்பழி தீர்க்கவும் ஆண்கள் கூட்டமாகப் போய்ச் செய்கிற காரியம் அது. ஒரு பெண் தனியாக வந்து கிண்ணத்தைக் கீழே வைத்ததாக ருஜுமில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"கேளு" என்றான் இஸ்ஹாக். குரல் மாறியிருந்தது. "என்ன வேணும்?"

நோன்பு என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அவளுக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது. வகுப்பில் எழுந்து நின்ற மகளை நினைத்துக்கொண்டாள்.

"அத்தான், நான் பொய் சொல்லக்கூடாது. நோன்பு இருக்கேன். அதனாலதான் வச்சேன். கேக்கணும்னு நெனச்சு வைக்கல."

இஸ்ஹாக் மூச்சை விட்டான். நிஜ்மே சிரிக்கப் பார்த்தாள்.

"ஆனா வச்சது வச்சதுதான்" என்றாள் ஹயாத். "இனிமே எடுக்கமாட்டேன். எங்க வீட்டுக்கு வாங்க. மாமா செத்த அன்னைக்கு நடந்தத உங்க தம்பிகிட்ட உக்காந்து சொல்லுங்க. காலைலேருந்து மண்ணு போடறவரைக்கும். யாரு குளிப்பாட்டினது, என்ன துணி உடுத்தினது, கடைசியா என்ன பேசினாரு. அவருக்கு யாரும் எதுவும் சொல்லல. அவரும் யாரையும் கேக்கல. பாக்காத மூஞ்சிய காதாலயாவது பாக்கட்டும்."

"என்னைத் திருடன்னான். அத்தன பேரு நடுவுல."

"ஆமா."

"நான் போய் அவன் வாசல்ல நிக்கணுமா? மூத்தவன்?"

ஹயாத் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேக்கறது என்னன்னு உனக்குத் தெரியாது, ஜுமானா அம்மா."

"தெரியாது."

நிஜ்மே மெல்ல, "சொல்லிடுங்க. மூணு வருஷமா நீங்க தூங்கற லட்சணத்தப் பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றாள். இஸ்ஹாக் அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், பட்டாளத்துப் பார்வை. அவள் அசையவில்லை. இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. அவன் பானையை அடுப்போரம் வைத்துவிட்டு வந்து நின்றான்.

"சரி. இன்னைக்கே வர்றேன். குடி."

"நோன்புன்னு சொன்னேனே அத்தான்."

"குடிக்காமப் போனா என் வார்த்த நிக்காது. உனக்குத் தெரியும்."

தெரியும். குடித்தால் அவளுடைய நேர்ச்சை போச்சு. பங்கு முழுக்கப் பார்க்க, குருத்து ஞாயிறு அன்று டீச்சர் நன்மை வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டும். ஹயாத் கிண்ணத்தை எடுத்து இரண்டே மடக்கில் குடித்தாள். ஆறிப்போய்க் கசந்தது. நிஜ்மே அழுதாள்.

பூசையில் அவள் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பிள்ளைகள் ஒலிவக் கிளையோடு கோயிலைச் சுற்றிவந்தார்கள், நீண்ட பாடுகளின் வாசகம் முடிந்தது, நன்மைக்கு வரிசை எழுந்தது. ஹயாத் எழவில்லை. பக்கத்துப் பெஞ்சு வர்தா, யார் எழுந்தார் யார் எழவில்லை என்று பார்க்கவே பூசைக்கு வருகிறவள், முழங்காலில் இருந்தபடியே சாய்ந்தாள்.

"டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்போ?"

"முன்னால பாரு வர்தா. உன் முறை வந்திடுச்சு."

இன்னொன்றும் நடந்தது. அது யாரும் எதிர்பார்க்காதது. எப்போதும் முதல் ஆளாகப் போகிற இஸ்ஹாக்கும் எழவில்லை. வர்தாவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, ஜுமானா ஓடி முன்னால் போனதும் சலாமே கேட்டான்.

"ஏன் போகல?"

"காபி குடிச்சிட்டேன்."

"நீயா? எங்க?"

"உங்க அண்ணன் வீட்ல."

அவன் நின்றுவிட்டான். அவள் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன், "எனக்காக நேந்துகிட்டதா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமா."

"முட்டாள்" என்றான். ஆனால் அவள் கையிலிருந்த ஒலிவக் கிளையையும் பையையும் வாங்கிக்கொண்டு நடந்தான்.

சாயங்காலக் கறவைக்கு ஆடுகளைப் பிணைத்துக்கொண்டிருந்தபோது இஸ்ஹாக் வந்தான். கோட்டு இல்லை. பட்டிக்குள் நுழைந்து, யாரும் சொல்லாமலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்து, துள்ளிய ஒரு ஆட்டின் தலையைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டான். சின்ன வயசில் இரண்டுபேரும் அப்படித்தான் கறந்தார்கள்போல. சலாமே நிமிர்ந்து பார்த்தான், பிறகு குனிந்து கறக்கத் தொடங்கினான். ஹயாத் வடிகட்டும் துணியோடு சுவரோரம் நின்றாள். போகலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை. நின்றாள்.

"காலைல ஆறு மணி இருக்கும்" என்று இஸ்ஹாக் தொடங்கினான். "தண்ணி கேட்டாரு. நான்தான் குடுத்தேன். குடிக்கல, வாய நனைச்சுக்கிட்டாரு. அதோட அடங்கிட்டாரு. நானும் யூசுப் வாத்தியாரும் குளிப்பாட்டினோம். அந்தப் பழுப்புக் கோட்டு, நீ அகபாலேருந்து வாங்கிட்டு வந்தியே, அதத்தான் போட்டோம். மூஞ்சி நல்லா இருந்துச்சு. தூங்கற மாதிரி. இடது கன்னத்துல மட்டும் தலகாணி மடிப்பு பதிஞ்சிருந்துச்சு."

பால் வாளியில் விழுகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டது.

"பன்னெண்டு மணிக்குக் கோயில்லேருந்து எடுத்தோம். கல்லறைக்குப் போற வழில போலீஸ் போஸ்ட் கான்ஸ்டபிள் சைக்கிள்ல வந்தான். கத்ரானே செக்போஸ்ட்லேருந்து போன் வந்திருக்கு, உங்க தம்பி லாரி அதைத் தாண்டிருச்சு, ஒரு மணி நேரத்துல வந்திடும்னான். என் காதுகிட்ட வந்து சொன்னான். வேற யாருக்கும் கேக்கல."

வாளியில் சத்தம் நின்றது.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நடங்கடான்னு சொன்னேன்."

"தெரிஞ்சா?" என்றான் சலாமே.

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

இஸ்ஹாக் ஆட்டின் காதைத் திருகிக்கொண்டே சொன்னான். "ஏழு மாசம் படுக்கைல கிடந்தாரு. நான்தான் தூக்கினேன், நான்தான் துடச்சேன், நான்தான் துணி மாத்தினேன். கண்ணத் தொறந்தா உன் பேரு. சலாமே வந்தானா, சலாமே சாப்பிட்டானா. அன்னைக்குக் காலைல தண்ணி குடுக்கறேன், என்னைப் பாத்து சலாமேங்கறாரு. கடைசி வார்த்த அதுதான். மூஞ்சியாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு நெனச்சேன்டா. நீ சொன்னது சரிதான். திருடன்தான்."

என்ன காரியம் செய்துவைத்தோம் என்று ஹயாத் நினைத்தாள். சும்மா இருந்திருந்தால் பேசாத இரண்டு சகோதரர்களோடு போயிருக்கும். இப்போது வெட்டுக்குத்தாகிவிடுமோ என்று பயந்தாள்.

சலாமே எழுந்தான். கையைப் பாவாடைபோல் தொங்கிய அங்கியில் துடைத்தான்.

"போங்கண்ணே" என்றான்.

"டேய்..."

"கும்பிடறேன். இப்போ போயிடுங்க."

இஸ்ஹாக் கயிற்றை விட்டுவிட்டுப் போனான். சலாமே மிச்சம் இருந்த பதினோரு ஆடுகளையும் கறந்து முடித்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டான்.

பாஸ்காவுக்கு முந்தின அந்தப் பெரிய வாரம் அப்படியே போனது. பெரிய வெள்ளியன்று எல்லாரோடும் கூட வந்து சிலுவையை முத்தமிட்டான். பாஸ்கா அன்று கறியும் தயிரும் சாப்பிட்டான், ஜுமானா உடைத்த முட்டையை வாங்கிக்கொண்டான், கதவோரம் நின்றான். ஹயாத் ஒரு தடவை, "நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டாள்.

"கன்னத்துல தலகாணி மடிப்பு" என்றான் அவன். "நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். நல்லாத் தெரியுது."

புதுநன்மைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பிள்ளைகள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம். ஹயாத் பதினேழு பேரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஆளாளுக்குப் பாவத்தைக் காகிதத்தில் எழுதிக் கசக்கிப் பிடித்திருந்தார்கள். லமீஸ் தன் பட்டியலில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள். கடைசியில் ஜுமானா நின்றாள்.

கதவு திறந்து சலாமே வந்தான். பட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறான், பூட்ஸில் சாணம், சட்டையில் பால். கதவோரம் நிற்பான் என்று பார்த்தால், நேராக நடந்து வந்து ஜுமானாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சத்தம்!" என்றாள் ஹயாத். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

"எப்படித் தொடங்கணும்?" என்று சலாமே மகளிடம் கேட்டான். "மறந்து போச்சு."

"சாமி என்னை ஆசீர்வதியும்னு தொடங்கணும். அப்புறம் எத்தன நாளாச்சுன்னு சொல்லணும். எனக்கு இதான் முதல் தடவ. உங்களுக்கு?"

"மூணு வருஷம்."

"அத அப்படியே சொல்லிடுங்க. திட்டமாட்டாரு."

ஹயாத் வரிசையைச் சரிசெய்கிற சாக்கில் அவன் அருகில் வந்தாள். தாழ்ந்த குரலில், "அண்ணன மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான். "மன்னிக்க முடியல. ராத்திரியெல்லாம் முயற்சி பண்றேன், முடியல. அதத்தான் உள்ள போய்ச் சொல்லப்போறேன். அதுவும் பாவம்தானே? நீதானே சொல்லிக் குடுக்கற."

புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

பதினேழு பிள்ளைகளும் உள்ளே போய் வந்தபிறகு அவன் போனான். நெடுநேரம் ஆனது. ஜுமானா பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவன் முகம் கழுவினவன்போல் இருந்தான். "சாமி என்ன சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

"மன்னிக்கணும்னு ஆசயாவது இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். அத வச்சுக்கிட்டு வா, மிச்சம் போகப்போக வரும்னாரு."

"பாவத்துக்கு அபராதம்?"

"அது எனக்கும் சாமிக்கும் நடுவுல."

ஞாயிறு பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. வெள்ளை உடுப்பில் பதினேழு பிள்ளைகள், ஒவ்வொருவர் பின்னாலும் ஞானத்தகப்பன். இஸ்ஹாக் சொன்னபடி வந்திருந்தான். ஜுமானாவின் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கொடுத்தான், மூன்றாவது தீக்குச்சியில்தான் பற்றியது. தம்பியைப் பார்க்கவில்லை. நன்மை நேரம் வந்ததும், மற்ற ஞானத்தகப்பன்மார் வரிசையில் சேர, இவன் பின்வாங்கி நடந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டான். வர்தா கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள்.

ஜுமானா வாங்கினாள். வலதுபக்கம் நின்ற சலாமே வாங்கினான். அடுத்து ஹயாத். திரும்பி நடக்கும்போது அவள் கண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை, வடியட்டும் என்று விட்டுவிட்டாள். பெஞ்சுக்கு வந்து பார்த்தால் பக்கத்தில் சலாமே இல்லை.

அவன் பெஞ்சைத் தாண்டி நடந்துகொண்டிருந்தான். கதவுவரை போய் அண்ணன் முன்னால் நின்றான்.

"நகருங்கண்ணே, இது என் இடம்" என்றான். "நீங்க போங்க. வரிசை முடியப்போவுது."